மேகம் நிற்குமா?

“டீச்சர், இன்னிக்கு ராத்திரி மேகம் நிக்குங்களா?”

மார்கழி பாதி கழிந்ததிலிருந்து தை முடிகிறவரை, மாலை ஐந்து மணி ஆனால் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். மேல் சரிவில் கொஞ்சம் தேயிலை, கீழே ஓடையோரம் அரை ஏக்கர் உருளைக்கிழங்கு அவருக்கு. மழை வருமா, வெயில் அடிக்குமா என்று அவர் கேட்பதில்லை. மேகம் நிற்குமா என்பது ஒன்றுதான் கேள்வி.

நான் கோயம்புத்தூரில் பிறந்தவள். நீலகிரியின் அரசுப் பள்ளிகளில் இருபத்தெட்டு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகு கேத்தி பாலாடாவில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து கேரட்டும் உருளைக்கிழங்கும் போட ஆரம்பித்தேன். முதல் வருடப் பனிக்காலத்தில் ஒரு நாள் இரவுச் செய்தியில் ஊட்டியின் குறைந்தபட்ச வெப்பநிலை 5 டிகிரி என்று சொன்னார்கள். தண்ணீர் பூஜ்யம் டிகிரியில்தான் உறையும், இன்னும் ஐந்து டிகிரி மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.

காலையில் பாத்திகள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தன. வெயில் ஏறி வெள்ளை கரைந்ததும் இலைகள் துவண்டன. பத்து மணிக்கெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல ஆகி, மதியத்துக்குள் கறுத்துவிட்டன. தோட்டம் முழுக்க வெந்த கீரை வாசம். கிழங்கு பருக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அண்ணன் தன் பாத்திகளை முந்தின மாலையே மூடி வைத்திருந்தார். வேலியருகே வந்து நின்றவர் என் நிலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நேத்து ராத்திரி வானத்தப் பாத்தீங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வானிலை அறிக்கையையும் வானத்தையும் சேர்த்து வைத்துப் படிக்க நான் கற்றுக்கொண்டதை, ஒரே ஒரு ஜனவரி வாரத்தைக் கொண்டு சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

திங்கள்: தேக்கரண்டிக் கணக்கு

அன்று பகல் முழுக்க வானம் மூடியே இருந்தது. வடகிழக்குப் பருவமழையின் கடைசி ஈரம் கிழக்கிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. இரவு குளிர் இருந்தது, ஆனால் கடிக்கவில்லை. மறுநாள் காலை பார்த்தபோது வெப்பமானி 9 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கவில்லை.

மேகம் எப்படி உண்டாகிறது என்பதைப் புரிந்துகொள்ள முதலில் காற்றில் உள்ள ஈரத்தின் கணக்கு தெரிய வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் இருக்கிற ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 30 டிகிரி வெப்பம் இருந்தால், ஏறத்தாழ 30 கிராம் நீர் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகவே இருக்க முடியும். தேக்கரண்டிக் கணக்கில் ஆறு கரண்டி. 20 டிகிரியில் மூன்றரைக் கரண்டிதான் தாங்கும். 10 டிகிரியில் இரண்டு கரண்டிக்குச் சற்றுக் குறைவு. பூஜ்யத்தில் ஒரே ஒரு கரண்டி.

ஆகவே ஈரமான காற்று குளிர்ந்துகொண்டே வந்தால், ஏதோ ஒரு வெப்பநிலையில் இனி இவ்வளவு ஆவியைத் தாங்க முடியாது என்ற கட்டம் வரும். அந்த வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர். அதற்கும் கீழே குளிர்ந்தால், மிஞ்சுகிற ஆவி தண்ணீராகத் திரண்டே ஆக வேண்டும். மேகம், மூடுபனி, நீர்ப்பனி, உறைபனி எல்லாமே இந்த மிச்சம்தான். உயரத்தில் போய்க் குளிர்ந்து திரண்டால் மேகம். தரையை ஒட்டிய காற்றில் திரண்டால் மூடுபனி. இலைமேல் சொட்டாகத் திரண்டால், எங்கள் மலையில் சொல்கிற நீர்ப்பனி. இலை பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டால் ஆவி நேராகப் பனிக்கட்டித் துகளாகவே படியும். அது உறைபனி.

எல்லோரும் பனி பெய்கிறது என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் நீர்ப்பனி மேலிருந்து விழுவதில்லை. சுற்றியிருக்கிற காற்றிலிருந்தே இலைமேல் வந்து ஒட்டுகிறது.

செவ்வாய்: அறிக்கையைப் படிக்கும் விதம்

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேளாண் வானிலை அறிக்கை வருகிற நாட்கள். அடுத்த ஐந்து நாட்களுக்கான மழை, அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, காலை மாலை ஈரப்பதம், காற்றின் வேகம், திசை ஆகியவற்றோடு மேகமூட்டம் என்று ஒரு வரிசையும் அதில் இருக்கும். பெரும்பாலானவர்கள் கண் மழை வரிசையோடு நின்றுவிடும். மேகமூட்டத்தை ஆக்டா என்ற அளவில் சொல்கிறார்கள். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, அதில் எத்தனை பங்கு மேகம் மூடியிருக்கிறது என்பதே கணக்கு. பூஜ்யம் என்றால் சுத்தமான வானம், எட்டு என்றால் துளி நீலம்கூடத் தெரியாது. அந்தச் செவ்வாய் அறிக்கையில் புதனுக்கு ஆறு என்று இருந்த எண், வியாழனில் இரண்டாகவும் வெள்ளியில் ஒன்றாகவும் இறங்கியிருந்தது. காற்றின் ஈரப்பதமும் கூடவே குறைந்திருந்தது. அறிக்கையை மடித்து வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டு, “வியாழக்கிழமை ராத்திரிக்குத் தயாரா இருங்கண்ணா” என்றேன்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் தருகிற முன்னறிவிப்பில் வருகிற சொற்களுக்கும் கணக்கு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ மழை என்றால், அந்தப் பகுதியில் உள்ள அளவீட்டு நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்று பொருள். ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 சதவீதம். ‘பல இடங்களில்’ என்றால் 51 முதல் 75. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். ஓரிரு இடங்களில் என்று சொல்லி நம் தெருவில் பெய்யாவிட்டால், அறிக்கை பொய் என்று முடிவு கட்டக் கூடாது.

இந்த அறிக்கைக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. தினமும் அதிகாலை 5.30 மணியையும் மாலை 5.30 மணியையும் ஒட்டி, நாட்டின் பல நிலையங்களிலிருந்து பலூன்கள் மேலே விடப்படுகின்றன. அவற்றில் தொங்குகிற சின்னக் கருவி மேலே போகப் போக வெப்பம், ஈரம், அழுத்தம் எல்லாவற்றையும் வானொலி அலையில் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்க ஏறத்தாழ இதே வேளையில்தான் பலூன்கள் மேலே போகின்றன. இன்சாட் செயற்கைக்கோள்கள் மேகங்களை மேலிருந்து படம் எடுக்கின்றன. இவ்வளவும் சேர்ந்து கணினிக்குள் போகிறது. கணினி நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று அடுத்து என்ன செய்யும் என்று கணக்கிடுகிறது.

அந்தக் கட்டத்தின் அளவு பல ஆண்டுகளாக 12 கிலோமீட்டராக இருந்தது. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை தொடங்கிய ‘பாரத் முன்கணிப்பு முறை’யில் அது 6 கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் எங்கள் மலையில் 6 கிலோமீட்டருக்குள் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவின் சரிவும் இருக்கும், பள்ளத்து ஓடையும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் கட்டம் தரும். அதிலிருந்து நம் பாத்திக்கு என்ன நடக்கும் என்று இறக்கிப் பார்ப்பது நம் வேலை.

முதல் வருடம் நான் தவறியது இந்த இடத்தில்தான். அறிக்கையில் வருகிற வெப்பநிலை, தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில், பலகைச் சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் அளக்கப்படுவது. தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடிவமைத்த பெட்டி அது. வெயில் நேராகப் படாமல், காற்று மட்டும் உள்ளே போய் வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார். நெஞ்சு உயரத்துக் காற்றுக்கு அது சரியான அளவு. உருளைக்கிழங்கு இலை நிற்பதோ முழங்காலுக்குக் கீழே. இப்போது என்னிடம் இரண்டு வெப்பமானிகள் இருக்கின்றன. ஒன்று தச்சரிடம் சொல்லிச் செய்த வெள்ளைப் பெட்டிக்குள். இன்னொன்று புல்மேல் படுத்துக் கிடக்கிறது. மேகம் மூடிய இரவுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். நட்சத்திரம் தெரிகிற இரவுகளில் புல்மேல் உள்ளது மூன்று, நான்கு டிகிரி கீழே போய்விடும்.

புதன்: பேருந்து ஜன்னலில் மேகத்தின் வாசல்

புதன்கிழமை விதைக் கணக்கை முடிக்க மேட்டுப்பாளையம் போயிருந்தேன். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும் பேருந்தில் ஏறியபோது வெயில் சுள்ளென்று இருந்தது. வெப்பம் 30 டிகிரி. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் போல. கல்லார் தாண்டி வளைவுகள் தொடங்கின. பர்லியார் வந்ததும் ஜன்னல் கம்பி சில்லிட்டது. குன்னூருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவின் இந்தப் பக்கம் பளிச்சென்று பள்ளத்தாக்கு தெரிந்தது, அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. “மிஸ்ட் இறங்கிருச்சு” என்று நடத்துநர் சொன்னார். ஓட்டுநர் விளக்கைப் போட்டார்.

உண்மையில் எதுவும் இறங்கவில்லை. நாங்கள்தான் மேகத்துக்குள் ஏறியிருந்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது மலை உச்சியைத் தொடுகிற மேகம். உள்ளே உட்கார்ந்திருக்கிற எனக்கு மூடுபனி.

மேகத்தின் வாசல் அந்த வளைவில் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. காற்று மலைமேல் ஏறும்போது மேலே அழுத்தம் குறைவு, அதனால் விரிகிறது. விரிகிற காற்று தன் வெப்பத்தைச் செலவழித்துத்தான் விரிய வேண்டும். மிதிவண்டிச் சக்கரத்தின் காற்றைத் திறந்துவிட்டால், வெளியே பீறிடுகிற காற்று விரலுக்குச் சில்லென்று இருப்பது இதனால்தான். இப்படி ஏறுகிற காற்று ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். பனிப்புள்ளியும் மெல்ல இறங்கும், ஆனால் அவ்வளவு வேகமாக அல்ல. இரண்டும் சந்திக்கிற உயரமே மேகத்தின் அடித்தளம். தரையில் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் எத்தனை டிகிரி இடைவெளியோ, அதை 125 மீட்டரால் பெருக்கினால் அந்த உயரம் தோராயமாக வந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி வெப்பம், பனிப்புள்ளி 18 என்று வையுங்கள். இடைவெளி 12. பெருக்கினால் 1,500 மீட்டர். ஊரின் உயரத்தையும் கூட்டினால் 1,825. குன்னூரின் உயரம் ஏறத்தாழ 1,850 மீட்டர். பகலில் பல நாள் குன்னூரை மேகம் வந்து மூடுகிற ரகசியம் இந்தக் கூட்டலில் இருக்கிறது.

குளிர்ந்தால் மட்டும் போதாது, ஆவி வந்து ஒட்ட ஒரு கரு வேண்டும். 1880-இல் ஜான் எய்ட்கென் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி இரண்டு கண்ணாடிக் கலன்களை எடுத்தார். ஒன்றில் சாதாரணக் காற்று. மற்றதில் பஞ்சால் வடிகட்டித் தூசி நீக்கிய காற்று. இரண்டிலும் நீராவியை விட்டார். முதல் கலன் வெள்ளையாக மூடிக்கொண்டது. இரண்டாவது கலன் தெளிவாகவே நின்றது. தூசியும் புகையும் கடல் உப்பும் இல்லாவிட்டால் நாம் காண்கிற மேகங்கள் இல்லை என்பதை அந்தச் சோதனை கண்ணுக்கு நேராகக் காட்டியது.

பள்ளியில் இருந்தபோது இதையே நான் ஒவ்வொரு வருடமும் எட்டாம் வகுப்பில் பிளாஸ்டிக் பாட்டிலில் செய்து காட்டுவேன். பாட்டிலில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாக அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஊதுபத்திப் புகை ஒரு இழை உள்ளே விட்டு, மறுபடி அழுத்தி விட்டால் பாட்டில் முழுக்க வெள்ளை மேகம். திரும்ப அழுத்தினால் மறைந்துவிடும், விட்டால் வந்துவிடும். அழுத்தும்போது காற்று சூடாகிறது, விடும்போது விரிந்து குளிர்கிறது. வகுப்பில் உள்ள எல்லாக் கைகளும் அந்தப் பாட்டிலுக்காக நீளும். மேகத்தைக் கையில் பிடித்து அழுத்திப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது.

ஒரு மேகத்துளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும். அவ்வளவு சின்னதாக இருப்பதால் ஒரு விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் கீழே இறங்கும். மேலே ஏறுகிற காற்று அதைச் சுலபமாகத் தாங்கிக்கொள்ளும். ஒரு மழைத்துளி உருவாக இப்படிப்பட்ட துளிகள் ஏறத்தாழ பத்து லட்சம் சேர வேண்டும். மேகம் மிதக்கிறது என்பதால் எடை இல்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கன கிலோமீட்டர் அளவுள்ள சாதாரணத் திரள் மேகத்தில் 500 டன் போலத் தண்ணீர் இருக்கும். எங்கள் ஊர் கேரட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற பத்து டன் லாரிகள் ஐம்பதை வரிசையாக நிறுத்துங்கள், அவ்வளவு எடை தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது.

வியாழன்: டம்ளர் சொன்ன பதில்

அறிக்கை சொன்னபடியே வியாழன் காலை வானம் விலகத் தொடங்கியது. சென்னை மையத்தின் முன்னறிவிப்பிலும், நீலகிரி மலைப்பகுதியில் ஓரிரு இடங்களில் இரவிலும் அதிகாலையிலும் உறைபனிக்கு வாய்ப்பு என்ற வரி வந்துவிட்டது. மதியம் மூன்று மணிக்கு மேற்கே கொஞ்சம் திரள் மேகம் இருந்தது. நல்ல வெயிலில் தரை சூடாகி, அந்தச் சூட்டில் எழுகிற காற்று கட்டுகிற மேகம் அது. வெயில் தாழ்ந்ததும் கீழே இருந்து காற்று எழுவது நின்றுவிடும், மேகமும் கரைந்துவிடும். ஐந்து மணிக்கு அதுவும் இல்லை.

“டீச்சர், மேகம் நிக்குங்களா?”

“கொஞ்சம் இருங்கண்ணா, டம்ளரப் பாத்துட்டுச் சொல்றேன்.”

எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, திண்ணையில் வைப்பேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பனிக்கட்டியை ஒவ்வொன்றாகப் போட்டு வெப்பமானியால் கலக்கிக்கொண்டே இருப்பேன். மூச்சுக்காற்று படாமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் பளபளப்பு போய் மங்கும். விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும். அந்தக் கணத்தில் தண்ணீரின் வெப்பம் எவ்வளவோ, அதுவே காற்றின் பனிப்புள்ளி.

திங்கள் மாலை இரண்டாவது கட்டி கரைவதற்குள்ளேயே டம்ளர் மங்கிவிட்டது. வெப்பமானி 9 டிகிரி காட்டியது. வியாழன் மாலை கட்டிக்குமேல் கட்டி போட்டும் பளபளப்பு போகவில்லை. கடைசியில் மங்கியபோது தண்ணீர் 2 டிகிரியில் இருந்தது.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இரவில் வெப்பம் எதுவரை இறங்கும் என்பதற்கு இது ஒரு படிக்கட்டு. குளிர்ந்துகொண்டே வருகிற காற்று பனிப்புள்ளியைத் தொட்டதும் ஆவி நீராகத் திரளத் தொடங்கும். ஆவியாக மாறும்போது தண்ணீர் வாங்கி வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தை அப்போது திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் அதற்குமேல் குளிர்வது மெதுவாகும். பனிப்புள்ளி 9 என்றால் அந்தப் படி பூஜ்யத்துக்கு வெகு மேலே இருக்கிறது. 2 என்றால் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது. பனிப்புள்ளி பூஜ்யத்துக்கும் வெகு கீழே போன வறண்ட இரவுகளில் இலைமேல் வெள்ளையே தெரியாது, ஆனால் செடிக்குள் இருக்கும் நீர் உறைந்து காலையில் இலை கறுத்திருக்கும். அதுதான் எல்லாவற்றிலும் மோசமான இரவு.

“நிக்காதுங்கண்ணா. மூடிருங்க” என்றேன்.

மேட்டுச் சரிவுகளில் தானாக வளர்கிற பெரணிச் செடிக்கு எங்கள் பக்கம் தாகை என்று பெயர். அதை அறுத்துக் கட்டு கட்டாகக் கொண்டுவந்து, தேயிலைமேலும் பாத்திமேலும் பரப்புவார்கள். வேலைக்கு வந்த பாட்டி ஒருவர் என் பாத்தியில் தாகையை விரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிளைக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து இருந்தது. இவ்வளவு மெல்லிசாகப் போட்டால் குளிர் தாங்குமா என்று பல வருடம் முன்பு நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். “சூட்டுக்கு மூடறது இல்லீங்க டீச்சரம்மா, வானத்துக் கண்ணு படாம இருக்கறதுக்கு” என்றார்.

இயற்பியல் இதைவிடச் சரியாக எதையும் சொல்லிவிடவில்லை. சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகத் தன் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பகலில் வெயில் அதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இரவில் இலை வானத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு வெப்பத்தை இழக்கிறது. தாழ்ந்த மேகம் இருந்தால் அந்தக் கதிரை வாங்கிக்கொண்டு தன் கதிரைத் தரைக்குத் திருப்பி அனுப்பும். வாங்குவதும் கொடுப்பதும் ஏறத்தாழ சமமாகிவிடும். மேகம் இல்லாத, காற்றில் ஈரமும் குறைந்த இரவில் திரும்பி வருவது குறைவு. இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. தாகை செய்வது, இலைக்கும் வானத்துக்கும் நடுவில் மேகம் இல்லாத குறையைத் தீர்ப்பது.

லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814-இல் பனியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எடை போட்ட கம்பளிப் பஞ்சுகளை ஒரு பலகையின் மேலும் அடியிலும் வைத்து, விடிந்ததும் மறுபடி எடை போட்டார். வானத்தைப் பார்த்திருந்த பஞ்சில் ஈரம் அதிகம், பலகை மறைத்த பஞ்சில் குறைவு. வானத்தை எந்த அளவுக்குப் பார்க்கிறதோ அந்த அளவுக்குப் பொருள் குளிர்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். தோட்டக்காரர்கள் மெல்லிய பாயைப் போட்டு இளஞ்செடிகளை மூடுவதைப் பார்த்து, இது என்ன பயன் தரும் என்று தானும் ஒரு காலத்தில் இளக்காரமாக நினைத்ததுண்டு என்று அந்த நூலில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வெள்ளி: விடிகிற நேரம்

நான்கு மணிக்கு எழுந்து கதவைத் திறந்தேன். காற்றில் அசைவே இல்லை. நட்சத்திரங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டிக்குள் 2 டிகிரி. புல்மேல் மைனஸ் 2. செய்தியில் வருகிற எண்ணும் இலை படுகிற பாடும் வேறு வேறு என்று சொன்னேன் அல்லவா, அந்த நான்கு டிகிரி அங்கே கண் முன்னால் இருந்தது.

வரப்பில் மூடாமல் நின்ற ஒரு புல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெள்ளை, பொடிபோலப் படர்ந்திருக்கவில்லை. புல்லின் ஓரத்தில் மட்டும் ஊசி ஊசியாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக வானத்தை நோக்கி நின்றது. நடு நரம்பில் குறைவு. மெல்லிய ஓரம்தான் சீக்கிரம் குளிர்கிறது. பக்கத்தில் தாகைக்கு அடியில் கையை விட்டேன். இலை ஈரமாக இருந்தது, உறைந்திருக்கவில்லை.

உறைபனி செடியைக் கொல்வது இந்த ஊசிகளால் அல்ல. இலைக்குள் செல்களுக்கு இடையில் இருக்கிற நீர் முதலில் உறைகிறது. உறைந்த பனி, செல்லுக்குள் இருக்கிற நீரை வெளியே இழுக்கிறது. நீரை இழந்த செல்லின் சவ்வு சிதைகிறது. வெயில் வந்து பனி உருகும்போது, தண்ணீரைப் பிடித்து வைக்க அங்கே ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. கேரட் இலை இதை ஓரளவு தாங்கும். உருளைக்கிழங்கும் பீன்ஸும் தாங்காது.

விடிந்ததும் அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். மேல் சரிவுத் தேயிலையில் பனியே இல்லை. கீழே ஓடையோரத்தில் பாய் விரித்ததுபோல வெள்ளை. குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் சரிவில் தண்ணீர்போல வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கிவிடும். ஒரே தோட்டத்துக்குள் இருபது அடி உயர வித்தியாசத்தில் ஒரு செடி பிழைக்கும், ஒரு செடி கருகும். அண்ணன் மூடியது கீழ்ப் பாத்திகளை மட்டும்தான். அவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அப்பா. மூடாமல் விட்டிருந்த ஓடைக்கரை வரிசை ஒன்று மட்டும் கருகியிருந்தது. ஆள் பற்றாமல் விட்டதாம்.

சனி, ஞாயிறு: கீற்றும் படையும்

சனிக்கிழமை மாலை வானத்தில் மேகம் வந்தது. எனக்குப் பழக்கப்பட்ட பெண் ஒருத்தி, “இன்னிக்கு மேகம் இருக்குல்லங்க டீச்சர், மூட வேண்டியதில்லையா?” என்று கேட்டாள். அண்ணாந்து பார்த்தேன். தலைமுடி இழைபோல, மிக உயரத்தில், வெயில் பட்டுப் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. கீற்று மேகம். அது பனிக்கட்டித் துகள்களால் ஆனது, மெல்லியது, மிகக் குளிர்ந்தது. தரைக்குத் திருப்பித் தர அதனிடம் அதிகம் இல்லை. மூடச் சொன்னேன்.

கீற்று, திரள், படை, கார் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற மேக வகைகளுக்கு லத்தீனில் முதலில் பெயர் வைத்தவர் லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழில் செய்துவந்த லூக் ஹோவர்ட். 1802 டிசம்பரில் நண்பர்கள் கூடிய ஒரு சின்ன அறிவியல் சங்கத்தில் அதைப் படித்தார். கணத்துக்குக் கணம் உருமாறுகிற ஒன்றுக்குப் பெயர் வைக்க முடியும் என்று காட்டியதுதான் அவருடைய பெரிய காரியம். வகை தெரியாவிட்டால் நாங்கள் இந்த மலையில் பிழைக்க முடியாது. மேகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த மேகம், எவ்வளவு உயரத்தில் என்றும் கேட்க வேண்டும்.

அன்று இரவு கொஞ்சம் காற்றும் வீசியது. காற்று வீசினால் மேலே உள்ள சற்றே சூடான காற்றும் தரையை ஒட்டிய குளிரும் கலந்துவிடும். அதனால் பனி லேசாகத்தான் விழுந்தது.

ஞாயிறு மதியம் கிழக்கிலிருந்து காற்று திரும்பியது. நான்கு மணிக்கு மலை முகடுகள் மறைந்தன. ஐந்து மணிக்கு வானம் முழுக்கத் தாழ்ந்த சாம்பல் நிறப் படை மேகம், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை, சுருக்கமே இல்லாத போர்வையாக. எட்டுக்கு எட்டு. டம்ளரில் முதல் கட்டி போட்டதுமே மங்கிவிட்டது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பழக்கத்தில், வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு நட்சத்திரம் இல்லை. ஊட்டிப் பக்கத்து விளக்குகளின் வெளிச்சம் மேகத்தின் அடிவயிற்றில் பட்டு மங்கலாகச் சிவந்திருந்தது. அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டிப் பார்த்தேன். மணி எட்டுகூட ஆகவில்லை, அண்ணன் வீட்டில் விளக்கு அணைந்திருந்தது.